பாறைகள் நடுங்கும் சித்திரம்

பழைய சித்திரப் படங்களை ஊன்றிப் பார்க்கும் வழக்கமுடையார் சில விந்தைகளைக் கண்டிருப்பர். கதையில் அவற்றுக்கு இடமில்லை, படத்திலும் விளக்கமில்லை. கண்ணுக்கு மட்டும் தட்டுப்பட்டு மறையும். அத்தகைய விந்தைகளுள் என் மனத்தை நெடுநாளாகப் பற்றியிருப்பவை இரண்டு. இரண்டும் 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய கேர்ட்டி என்னும் டைனோசரின் படத்தில் உள்ளவை.

முதலாவது, பாறைகளைப் பற்றியது. குகையொன்றிலிருந்து அப்பூர்வகால விலங்கு தலையை நீட்டி, மெல்ல வெளியே வருகிறது. பக்கத்தில் ஓர் ஏரி; மறுபக்கம் ஒரு மரம்; பின்னே மலைத்தொடர். விலங்கு அசைவது இயல்பு. அசைய வேண்டாத பாறையும் மலையும் ஏரிக்கரையும் கூட அதனோடு சேர்ந்து ஓயாமல் நடுங்குகின்றன. உச்சிவெயிலில் தார்வீதியின்மேல் கானல் ஆடுமே, அதுபோன்ற நடுக்கம். படச்சுருள் பழையதானமையால் வந்த பழுது என்று சிலர் சொல்வர். அஃதன்று. படம் புதிதாக இருந்த நாளிலும் அந்தப் பாறைகள் நடுங்கின.

இரண்டாவது, பார்வையைப் பற்றியது. கேர்ட்டி யாரையோ பார்க்கிறது. யாருக்கோ தலை வணங்குகிறது. யாரோ கடிந்துகொண்டாற்போலக் கண்ணீர் வடிக்கிறது. திரைக்கு அப்பாலிருந்து வரும் கனியை வாயில் ஏந்திக்கொள்கிறது. இடையிடையே எழுத்துக்கள் தோன்றி ஆணைகளைத் தெரிவிக்கின்றன. ஆணையிடுபவரோ அவ்விடத்தில் இல்லை. ஆளில்லாத இடத்தை நோக்கி ஒரு விலங்கு இத்தனை அன்போடும் அச்சத்தோடும் நடந்துகொள்வதைப் பார்க்கையில் எனக்குச் சிறிது திகைப்பே உண்டாகிறது.

இவ்விரு விந்தைகளுக்கும் காரணம் தேடுவோர் ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் புகவேண்டும். அவர் பெயர் வின்சர் மக்கே.

அவர் பிறந்த ஆண்டே ஒரு புதிர். 1867 என்பாரும் 1869 என்பாரும் 1871 என்பாரும் உளர். பிறந்த மண் கனடா என்றும் மிச்சிகன் என்றும் இரு வழக்குகள் உள்ளன. மிச்சிகன் மாநிலத்தில் ஸ்பிரிங் லேக் என்னும் மரவியாபார ஊரில் வளர்ந்தார் என்பதில் மட்டும் ஐயமில்லை. மகனை வணிகனாக்கிப் பார்க்க விரும்பிய தந்தையார் 1886இல் அவரை இப்சிலாந்தி நகரத்து வணிகக் கல்லூரிக்கு அனுப்பினார். மகனோ வகுப்பை மறந்து டெட்ரோயிட் நகருக்கு இரயிலேறி, அங்கே வொண்டர்லாண்ட் என்னும் விநோதக் காட்சிச்சாலையில் ஆளுக்கு 25 சதம் வாங்கிக்கொண்டு உருவப்படம் வரைந்தார். இப்சிலாந்தியில் வாய்த்த ஒரே குரு ஜோன் குடிசன் என்னும் ஆசிரியர். அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் தாளில் எவ்வளவு பெரிதாக, எந்தக் கோணத்தில் விழவேண்டும் என்னும் இலக்கணத்தை அவரே கற்பித்தார். மக்கேயின் முறையான சித்திரக் கல்வி ஏறக்குறைய அவ்வளவுதான்.

பின்னர் சிக்காகோவில் சேர்க்கஸ் விளம்பரங்கள். 1891 முதல் சின்சினாட்டி நகரத்துக் காட்சிச்சாலையில் சுவரளவு விளம்பரப் பலகைகள். வீதியில் நின்று அவர் பலகை தீட்டுவதைக் காணக் கூட்டம் கூடும். எழுதி முடித்த சித்திரத்தைவிட எழுதிக்கொண்டிருக்கும் கையே மக்களை அதிகம் கவரும் என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் துணிபு. அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பாடத்தின் விரிவாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்நகரில் மோட் என்னும் பெண்ணை மணந்தார். ரொபேட், மரியன் என இரு மக்கள் பிறந்தனர். பத்திரிகைகளில் வரையத் தொடங்கி, 1903இல் நியூ யோர்க் ஹெரல்ட் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தார்.

1905ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி அப்பத்திரிகையில் உறக்க உலகில் சின்ன நீமோ என்னும் வண்ணச் சித்திரத் தொடர் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் ஒரு சிறுவன் கனவில் புகுவான். கட்டில் கால் முளைத்து நடக்கும், மாளிகைகள் நீளும், யானைகள் வளரும். கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். நீமோவுக்கு மாதிரியாக இருந்தவன் மகன் ரொபேட். இத்தொடரின் பக்கங்களை இன்று புரட்டுபவருக்கும் அவற்றின் கட்டட அழகு வியப்பையே தரும். ஒரு குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆபிரிக்க மக்களைக் கேலியுருவாக்கும் அக்காலத்து வெள்ளையர் பழக்கம் இதிலும் அருவருப்பாகப் படிந்துள்ளது. கலைஞன் கண் எவ்வளவு கூரியதாயினும் தன் காலத்துக் குருட்டை முற்றும் தாண்டுவதில்லை போலும்.

1906இல் அவர் மேடையேறினார். வோடவில் எனப்படும் பல்சுவை அரங்குகளில் கரும்பலகையும் வெண்கட்டியுமாக நின்று, 15 நிமிடத்தில் 25 சித்திரங்கள் வரைவார். ஒரு குழந்தை முகத்தையும் பெண்முகத்தையும் வரைந்து, சில கோடுகளை அழித்தும் சேர்த்தும், அவர்களைப் படிப்படியாக மூப்படையச் செய்வது அவருடைய புகழ்பெற்ற நிகழ்ச்சி. முகம் ஒன்று, காலம் மட்டும் அதன்மேல் ஓடுகிறது. சித்திரப் படத்தின் விதை அதற்குள்ளேயே இருந்தது.

விதை முளைத்தது மகன் கொண்டுவந்த விளையாட்டுப் புத்தகங்களால் என்று அவரே சொல்லிவந்தார். விரலால் விரைந்து புரட்டினால் உருவம் ஓடுவதாகத் தோன்றும் சிறு புத்தகங்கள் அவை. அவற்றைக் கண்டு, நீமோவையும் அவன் தோழரையும் ஏறத்தாழ 4,000 தாள்களில் வரைந்து, விற்றாகிராப் நிறுவனத்தில் ஸ்டுவேட் பிளாக்டன் துணையுடன் படமாக்கினார். 1911 ஏப்ரில் மாதத்தில் அது வெளிவந்தது. சித்திரங்களை அசைத்த முதல் மனிதர் தாமே என்று மக்கே பிற்காலத்தில் உரிமை கொண்டாடியதை நான் ஏற்பதில்லை. அதே பிளாக்டன் 1906இலும் பிரான்சில் எமில் கோல் 1908இலும் அவ்வழியில் நடந்துவிட்டனர். ஆனால் அவர்களுடைய உருவங்கள் கோடுகளாகவே நின்றன. மக்கேயின் உருவங்களுக்கோ சதையும் கனமும் இருந்தன.

நீமோ படத்திலும் ஒரு விந்தை உண்டு. அங்கே நிலமும் இல்லை, வானமும் இல்லை. வெறும் வெள்ளை வெளியில் உருவங்கள் மிதக்கின்றன. வளைந்த கண்ணாடியில் தெரிவதுபோல் நீண்டும் குறுகியும் போகின்றன. பின்னணி வரைய அவருக்குத் தெரியாதா? மாட மாளிகைகளைப் பத்திரிகையில் வாரந்தோறும் எழுப்பியவர் அவர். பின்னணி வைத்தால் அதனை 4,000 முறை வரையவேண்டும், காரணம் அவ்வளவே. பாறைகளின் இரகசியம் இந்த வெறுமையில்தான் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டு நுளம்பைப் பற்றிய படம் வந்தது. தொப்பியணிந்த பெரிய நுளம்பொன்று, உறங்கும் மனிதனின் இரத்தத்தைக் குடித்துக் குடித்துப் பருத்து இறுதியில் வெடிக்கிறது. நுளம்புவலைக்குள் உறங்கிப் பழகிய நமக்கு அப்படத்தை அனுபவிக்கத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை. வயிறு நிறைய நிறைய அதன் பறப்புக் கனத்துப் போவதை மக்கே காட்டியிருக்கும் திறமை அருமை. அத்திறமையே அவருக்குத் தொல்லையுமாயிற்று. பொம்மை நுளம்பைக் கம்பியில் கட்டி ஆட்டிப் படம் பிடித்தார் என்று பார்த்தோரிற் சிலர் எண்ணினர். ஆறாயிரம் தாள்களின் உழைப்புக் கம்பி வித்தையாகிவிட்டது.

இந்த அவநம்பிக்கைக்கு விடையாகவே அவர் டைனோசரைத் தேர்ந்தார். உலகில் எங்குமே உயிரோடில்லாத விலங்கைக் கமராவின் முன் கொண்டுவந்து நிறுத்த யாராலும் இயலாது. ஆகவே அது நடந்தால் அது வரையப்பட்டதே என்று எவரும் ஒப்பியாகவேண்டும். அவர் நிலத்தையும் மலையையும் சேர்த்துக்கொண்டதும் இம்முறைதான். வெறுவெளியில் நின்றால் அவ்விலங்கின் பருமன் எவ்வாறு தெரியும்?

அப்பொழுது பயன்பட்டவை மெல்லிய அரிசித்தாள்கள். ஒரு தாளின்மேல் மற்றொன்றை வைத்தால் கீழுள்ள கோடு மங்கலாகத் தெரியும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் செலுலோயிட் தாளில் உருவத்தை மட்டும் வரைந்து, ஒரே பின்னணிமேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்கு எர்ல் ஹேர்ட் என்பவர் 1914இன் இறுதியிற்றான் காப்புரிமை கோரினார். கேர்ட்டிக்கு அது எட்டவில்லை. எனவே ஒவ்வொரு தாளிலும் விலங்கை மட்டுமன்றிப் பாறை, மலை, கரை, மரம் அனைத்தையும் புதிதாக வரையவேண்டியிருந்தது. விலங்கை மக்கே வரைந்தார். பின்னணியை அவருடைய அயல்வீட்டு இளைஞர் ஜோன் பிட்ஸ்சிமன்ஸ் என்னும் சித்திர மாணவர் பார்த்தெழுதினார். தாள்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக மூலைகளிற் சிலுவைக் குறிகள் இட்டனர். ஆயினும் மனிதக் கை இயந்திரமன்று. ஒரே பாறையை ஆயிரக்கணக்கில் வரைந்தால் ஒவ்வொரு முறையும் கோடு ஒரு மயிரிழை விலகும். அந்த விலகல்கள் விநாடிக்குப் பதினாறாகத் திரையில் ஓடும்போது பாறை நடுங்குகிறது.

அந்த நடுக்கத்தை நான் குறையென்று கொள்வதில்லை. இது வரையப்பட்டது என்று உலகம் நம்பவேண்டும் என்பதற்காகவே மக்கே அப்படத்தை எடுத்தார். அதற்குச் சான்றாகக் கேர்ட்டியைவிட அந்தப் பாறைகளே உரத்துச் சாட்சி சொல்கின்றன. கம்பியில் ஆட்டிய பொம்மைக்குப் பின்னே மலை நடுங்காது.

மொத்தம் ஏறத்தாழ 10,000 தாள்கள் என்பது கணக்கு. விலங்கு மூச்சுவிடும் நேரத்தைக் கணிக்கத் தம் மூச்சையே அளந்துகொண்டார் மக்கே. ஓர் அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, இடைநிலைகளைப் பின்னர் நிரப்பும் முறையையும், ஒரே தாள்வரிசையை மீண்டும் மீண்டும் ஓட்டும் முறையையும் கையாண்டார். பின்வந்தோர் அனைவரும் நடந்த வழிகள் இவை. கேர்ட்டி காலெடுத்து வைக்கும் இடத்தில் நிலம் சற்றே தாழ்வதைக் கூர்ந்து பார்ப்போர் காணலாம். அதுவும் விந்தைதான்; ஆனால் அது கையின் சோர்வால் நேர்ந்ததன்று, அறிந்தே வைத்தது. அத்தாழ்வினாற்றான் கேர்ட்டியின் எடை நம் உடலுக்குத் தெரிகிறது.

1914 பெப்ரவரி 8ஆந் திகதி சிக்காகோ நகரின் பலஸ் அரங்கில் கேர்ட்டி முதன்முதல் தோன்றியது. அது வெறும் படக்காட்சியாக இருக்கவில்லை. திரையின் பக்கத்தில் மக்கே சவுக்கோடு நின்றார், விலங்கு பழக்குபவரைப்போல. அவர் அழைக்க அது வெளியே வரும். வணங்கச் சொன்னால் வணங்கும். காலைத் தூக்கச் சொன்னால் தூக்கும். சில வேளை மறுத்து முரண்டு பிடிக்கும். கடிந்தால் அழும். கடதாசி அட்டையிற் செய்த அப்பிள் ஒன்றை அவர் எறிவதுபோற் கைக்குள் மறைப்பார். அதே கணத்தில் திரையில் ஓர் அப்பிள் பறந்துபோய்க் கேர்ட்டியின் வாயில் விழும். முடிவில் அவர் திரைக்குப் பின்னே நடந்து மறைவார். மறைந்த இடத்தில் சித்திர மக்கே ஒருவர் திரைக்குள் தோன்றுவார். கேர்ட்டி அவரை வாயாற் கவ்வி முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விடும். சதையும் எலும்புமான மனிதர் கோடாகிப்போவதை மக்கள் கண்முன்னே கண்டனர்.

ஆகவே கேர்ட்டி பார்ப்பது வெறுவெளியை அன்று, தன்னை வரைந்தவரை. பின் அவர் அங்கே இல்லாமற் போனது ஏன்?

1911 முதல் மக்கே பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்டின் ஊழியராக இருந்தார். தம் சித்திரக்காரர் மேடைமேடையாகச் சுற்றுவதை அதிபர் விரும்பவில்லை. ஒப்பந்தம் ஒன்றினால் அவருடைய மேடை நிகழ்ச்சிகள் நியூ யோர்க் நகர எல்லைக்குள் அடக்கப்பட்டன. 1917இல் ஏறக்குறைய முழுவதும் நின்றன. பத்திரிகையாசிரியர் ஆதர் பிரிஸ்பேனோ, மக்கே இனிக் கேலிச்சித்திரம் எழுதாமல் தலையங்கங்களுக்கு ஏற்ற கனமான சித்திரங்களே எழுதவேண்டும் என்று பணித்தார். மேடையில் நிற்க முடியாத மனிதரின் படத்தை வில்லியம் பொக்ஸ் வாங்கி, 1914இன் இறுதியில் பொதுக் கொட்டகைகளுக்கு விட்டார். அதற்காக ஒரு முன்கதை சேர்க்கப்பட்டது. அரும்பொருட்சாலையில் டைனோசரின் எலும்புக்கூட்டைக் கண்ட நண்பர்களிடம், ஒரு விருந்தைப் பணயமாக வைத்து, அதனை உயிர்ப்பிப்பேன் என்று மக்கே பந்தயம் கட்டுகிறார். அவர் வாய்ச்சொற்கள் எழுத்துப்பலகைகளாயின. நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் படம். ஆளை அகற்றிவிட்டு அவருடைய இடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இழப்பு அவ்வளவில் நிற்கவில்லை. தம் முறைகளை அவர் மறைத்தவரல்லர். கட்டுரை எழுத வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்த ஜோன் பிரே என்பாருக்கு அனைத்தையும் காட்டினார் என்றும், வந்தவர் அவற்றுட் பலவற்றுக்குக் காப்புரிமை பெற்று மக்கேயின்மேலேயே வழக்குத் தொடுத்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதினோர் கூறுவர். வழக்கு வெல்லவில்லை, மக்கேக்குச் சிறிது உரிமைப்பணமும் கிடைத்தது. இருந்தும், ஒருவர் தனியே இருந்து செய்த வேலை, பலர் வரிசையில் இருந்து செய்யும் தொழிலாக மாறும் காலம் வந்துவிட்டது.

1915 மே 7ஆந் திகதி, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் லுசித்தானியா என்னும் பயணிகள் கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியது. பதினெட்டு நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. 1,198 பேர் மாண்டனர். அமெரிக்கா போரிற் சேர்வதை ஹேர்ஸ்டின் பத்திரிகைகள் எதிர்த்தன. அக்கொள்கைக்கேற்ற சித்திரங்களைப் பகலில் மக்கே வரைந்து கொடுத்தார். வேலை முடிந்த நேரங்களில், தம் சொந்தப் பணத்தில், அக்கொடுமையைச் சித்திரப் படமாக எழுதினார். கூலிக்கு வரைந்த கைக்கும் தனக்காக வரைந்த கைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருந்தது என்பது அவர் வாழ்க்கையின் மிகத் துயரமான பகுதி என்பேன். மூழ்கும் காட்சியை எந்தக் கமராவும் பிடித்திருக்கவில்லை. ஏறத்தாழ 25,000 சித்திரங்கள். இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைந்த உழைப்பு. 1918 யூலையில் படம் வெளிவந்தபோது அமெரிக்கா போரில் இறங்கி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது.

அப்படத்தில் அவரும் செலுலோயிட் தாளுக்கு மாறினார். அங்கே எதுவும் வீணாக நடுங்குவதில்லை. ஆனால் கூர்ந்து நோக்கினால் கடலிலே வேறொரு விந்தை தெரியும்: அதே அலைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பிட்ஸ்சிமன்ஸ் வரைந்த பதினாறு அலைச்சித்திரங்களை முறையாகச் சுழற்றியதே காரணம். கப்பல் ஒருமுறைதான் சாய்கிறது. மனிதர் ஒருமுறைதான் விழுகின்றனர். கடல் மாத்திரம் தொடங்கிய இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்து, நடந்தது எதையும் அறியாததுபோற் கிடக்கிறது. சிக்கனத்துக்காகச் செய்தது இப்படி ஒரு கொடிய அழகாக முடிந்ததைக் கருதியே செய்தாரோ, அறியாமல் நேர்ந்ததோ, அதனை எண்ணாமல் என்னால் அக்காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

1921இல் கனவுக் கதைகளான மூன்று குறும்படங்களை வெளியிட்டார். ஒன்றில் வீட்டில் வளர்த்த ஒரு பிராணி தின்று தின்று நகரக் கட்டடங்களைவிடப் பெரிதாகிறது. மற்றொன்றில் வீடே சிறகு முளைத்துப் பறக்கிறது. அதன்பின் அவர் படமெடுக்கவில்லை. நீமோவை மீண்டும் பத்திரிகையில் தொடங்கிப் பார்த்தார். 1926 வரை ஓடி நின்றது.

1927இல் நியூ யோர்க்கிலுள்ள சித்திரப் படக்காரர்கள் அவருக்கு ஒரு விருந்து வைத்தனர். ஏற்பாட்டில் முன்னின்றவர் மக்ஸ் பிளைசர். மதுவும் சிரிப்புமாக இருந்த கூட்டத்தின் நடுவே எழுந்த மக்கே, தாம் ஒரு கலையை ஈந்ததாகவும் வந்திருப்போர் அதனை வெறும் வியாபாரமாக்கிவிட்டதாகவும் சொல்லி அமர்ந்தார் என்பது அங்கிருந்தோர் வழிவந்த செய்தி. அவர் சொன்னதில் பாதியே நியாயம் என்பேன். விநாடிக்குப் பதினாறு தாள் கேட்கும் ஒரு கலை, ஒரு மனிதரின் இராப்பொழுதுகளை மட்டும் நம்பி எத்தனை நாள் உயிர்வாழும்? செலுலோயிட் தாளைத் தாமும் எடுத்தவரன்றோ அவர்! ஆனால் அந்த விருந்துக்கு வந்தோரிற் பலர் கேர்ட்டியைக் கண்டே இத்தொழிலுக்கு வந்தவர்கள் என்பதையும் மறத்தற்கில்லை.

1934 யூலை 26ஆந் திகதி, புரூக்ளின் ஷீப்ஸ்ஹெட் பேயிலுள்ள தம் இல்லத்தில், மூளையில் நேர்ந்த இரத்தநோயால் மக்கே காலமானார். ஹேர்ஸ்டின் பத்திரிகைக்கு அவர் வரைந்துகொண்டிருந்த காலமே அது. படச்சுருள்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. அக்காலத்து நைற்றிரேற் சுருள்கள் தாமே உருகிப் பொடியாகும் இயல்பின. 1947இல் அவை மகன் ரொபேட்டின் நண்பரொருவர் பொறுப்பில் வந்தபோது, பல காப்பாற்ற முடியாத நிலையை அடைந்திருந்தன. 1955இல் வோல்ட் டிஸ்னி தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் கேர்ட்டியின் மேடைக்காட்சியை நடிகரைக்கொண்டு மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். தந்தை எங்கே நின்றார், எப்போது சவுக்கைச் சொடுக்கினார், அப்பிளை எப்படி மறைத்தார் என்று சொல்லிக்கொடுத்தவர் ரொபேட். நீமோவுக்கு மாதிரியாக இருந்த அச்சிறுவனுக்கு அப்போது அறுபது வயது அணித்தாயிருந்தது. 1962இல் அவரும் மறைந்தார்.

கேர்ட்டியின் பத்தாயிரம் தாள்களுள் எஞ்சியவை சில நூறே. மஞ்சளாகிப்போன அவற்றின் மூலைகளிற் சிலுவைக் குறிகள் உள்ளன. விலங்கைச் சுற்றி, அந்த இளைஞர் வரைந்த பாறைகளும் ஏரிக்கரையும், தாளுக்குத் தாள் சற்றே வேறாக.